உயிரோடு ஒரு பிரதி

செப்டம்பர் 9, திங்கள்

கணினிக்குள்ளிருந்து சத்தம் வருகிறது. விட்டு விட்டு, யாரோ சொடக்குப் போடுவதுபோல. மேசையை நகர்த்தி, பெட்டியின் பின்பக்கத்தைத் துடைத்தேன். காற்றாடி இடுக்கில் செத்த எறும்புகள், தலைமுடி, சாம்பிராணிப் புகை படிந்து இறுகிய பிசுக்கு. துடைத்த துணியைக் கையால் தொடப் பிடிக்காமல் குச்சியால் தள்ளிக் குப்பையில் போட்டேன். சத்தம் நிற்கவில்லை.

மதியம் பஷீர் வந்தார். கோபி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருப்பவர். பெட்டியில் காதை வைத்துக் கேட்டார்.

"டிஸ்க் போகுதுங்கக்கா. நிறுத்துனா மறுபடி எந்திரிக்குமான்னு சொல்ல முடியாது. நிறுத்தாம ஓட்டுங்க. அதுக்குள்ள பேக்கப் எடுத்துருங்க."

"ஃபைலையெல்லாம் பென் டிரைவ்ல போட்டுக்கிட்டாப் பத்தாதுங்களா?"

"ஃபைலை வெச்சு என்னக்கா பண்ணுவீங்க? உங்க சாஃப்ட்வேர் இந்த டிஸ்க்கை விட்டா வேற எதுலயும் ஓடாதே."

அது உண்மைதான். 'நல்லம்மாள் திருமணத் தகவல் மையம்' என் மாமனார் தம் அம்மா பெயரில் தொடங்கியது. எங்கள் வீட்டு முன்னறைதான் அலுவலகம். ஜாதகம் கணிக்கவும் பொருத்தம் பார்க்கவும் ஒரு பொறியாளரைப் பிடித்து மென்பொருள் எழுதி வாங்கினார். வேறு யாரும் திருடிவிடக் கூடாது என்று அதை இந்த டிஸ்க்கோடு சேர்த்துப் பூட்டச் சொன்னார். மாமனாரும் இல்லை. பொறியாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றும் தெரியவில்லை. அதனால் பூட்டு, சாவி, ஜாதகம், குப்பை எல்லாவற்றையும் சேர்த்து முழு டிஸ்க்கையும் இருக்கிறபடியே இன்னொன்றில் இறக்க வேண்டும். பழையது செத்தால் புதியதை மாட்டியதும் கணினி அதிலிருந்தே எழுந்துகொள்ள வேண்டும். பஷீர் அதை 'பூட் ஆகற பேக்கப்' என்கிறார். அவரே செய்து தந்திருப்பார். நாளை உம்ரா பயணமாக மெக்காவுக்குக் கிளம்புகிறார், திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

என் கணவர் தங்கமுத்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நீதான் பி.எஸ்ஸி. படிச்சவளாச்சே. நல்ல சாஃப்ட்வேராப் பாத்து எடுத்து வெய்யி. எப்படியும் புரட்டாசில சனம் வராது. ஐப்பசி பொறந்ததும் நம்ம யாமினி பேரைத்தான் மொதல்ல ஏத்தோணும்."

யாமினி எங்கள் ஒரே பெண். கோவையில் பூச்சியியல் முதுகலை முடித்துவிட்டு அங்கேயே விடுதியில் இருக்கிறாள். ஹைதராபாத்தில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. டிசம்பரில் சேர வேண்டும். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

முதல் மென்பொருள். அதன் இணையப் பக்கத்தில் ஒரு குடும்பம் புல்வெளியில் மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்து சிரிக்கிறது. யாருக்கு டிஸ்க் போனது என்று இப்படிச் சிரிக்கிறார்களோ. 'இலவசம்' என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தது. இறக்கினேன். பெயர் கேட்டது, மின்னஞ்சல் கேட்டது, கைப்பேசி எண் கேட்டது. எல்லாம் கொடுத்து, டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, கடைசிப் பொத்தானை அழுத்தியபோதுதான் சொல்கிறது: கோப்புகளை நகலெடுப்பது இலவசம், கணினியை எழுப்பக்கூடிய பிரதிக்குக் கட்டணம்.

பந்தியில் உட்காரவைத்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு வருகிற நேரத்தில் மொய் எழுதினாயா என்று கேட்பதுபோல.

அழித்துவிட்டேன். அழிக்கும்போது 'ஏன் எங்களைப் பிரிகிறீர்கள்?' என்று அழுகிற முகம் ஒன்று வந்தது. அருவருப்பு.

செப்டம்பர் 14, சனி

பையனுக்குப் பெண் தேடி அவிநாசியிலிருந்து ஓர் அம்மா வந்தார். வழியில் வாங்கிய முறுக்கைத் தின்றுகொண்டே என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் ஒவ்வொரு படமாகத் தள்ள வேண்டும்.

"இது பல்லு எடுப்பா இருக்குது. தள்ளு. இது ஒடம்பு ஜாஸ்தி. தள்ளு கண்ணு. இதென்ன படிச்சிருக்குது?"

"எம்.டெக்.ங்க."

"பையனே பி.ஈ.தான். எதுக்கு வம்பு? தள்ளு."

நாற்பது பேருக்கு மேல் தள்ளினோம். அவர் எண்ணெய் விரல் திரையில் ஒவ்வொரு பெண்ணின் முகத்திலும் பட்டது. போகும்போது, "ஒண்ணும் வாட்டமா அமையலையே சாமி" என்று என் தோளிலும் அதே கையை வைத்துவிட்டுப் போனார். திரையைத் துடைத்தேன். விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினேன். சேலையை மாற்றிக்கொண்டேன்.

யாமினிக்கும் பல் கொஞ்சம் எடுப்புத்தான்.

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி பிறந்தது. சத்தம் இருக்கிறது.

செப்டம்பர் 18, புதன்

யாமினி பேசினாள்.

"அம்மா, அப்பாகிட்டச் சொன்னியா?"

"சொல்றேன் கண்ணு. இப்ப கம்ப்யூட்டர் ரிப்பேர்ல இருக்கார். பேக்கப் முடியட்டும்."

"பேக்கப்புக்கும் எனக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அது முடிஞ்சாத்தான அவருக்கு மத்த நெனப்பு வரும்."

"வந்தா என் நெனப்புத்தான வரும்? அதுக்கு முன்னாடி சொல்லுன்னுதான சொல்றேன். ஒரு தடவை ஏத்திட்டா அவ்வளவுதாம்மா. அப்புறம் எவனோ பாத்துட்டுப் போனான்னு சொல்லுவாரு, அடுத்தவன் வருவான்னு சொல்லுவாரு. அவரு வேணாங்கற வரைக்கும் நான் அந்தப் பெட்டிக்குள்ளயே கெடக்கோணும்."

சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள்.

செப்டம்பர் 21, சனி

இரண்டாவது மென்பொருள். தெரிந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு விவாதத் தளத்தில் படித்தேன். எதுவும் தெரியாத ஒருவன் பணிவாகக் கேட்கிறான். பதில் சொல்கிறவன் முதலில் அவனை முட்டாள் என்கிறான். மூன்றாமவன் இருவரையும் முட்டாள் என்கிறான். பிறகு கேள்வியை எல்லோரும் மறந்து, யார் பெரிய முட்டாள் என்று நான்கு பக்கத்துக்குப் போகிறது. நான்காம் பக்கம் வரை படித்த என்னையும் சேர்த்துக்கொள்ளலாம். அவர்கள் திட்டிக்கொண்ட மென்பொருள் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அதைத் தொட மனமில்லை.

அவர் கேட்டார், "என்னாச்சு?"

"ஒண்ணும் சரியில்லீங்."

"அந்த அவிநாசியம்மா பொண்ணு பாக்கற மாதிரி நீ சாஃப்ட்வேர் பாத்துட்டு இருக்கற. தள்ளு, தள்ளுன்னு." தாமே சிரித்துக்கொண்டார்.

நகைச்சுவையாகத்தான் சொன்னார். எனக்கு மாலைவரை வாயில் கசப்பு இருந்தது.

செப்டம்பர் 24, செவ்வாய்

அவரே ஒன்று கொண்டுவந்தார். சங்கத்தில் நண்பர் ஒருவர் பென் டிரைவில் கொடுத்தாராம். காசு கட்ட வேண்டிய மென்பொருளின் பூட்டை உடைத்தது. "உலகமே இதைத்தான் யூஸ் பண்ணுது. நீ என்னமோ புத்தகம் படிச்சுட்டு உக்காந்திருக்கற" என்று தாமே செருகி, வருவதற்கெல்லாம் சரி, சரி என்று அழுத்தினார்.

திரையின் மூலையில் ஒரு சிறு சதுரம் வந்தது. அதில் உள்ளாடை மட்டும் அணிந்த ஒரு பெண் 'உன் ஊரில்தான் இருக்கிறேன்' என்று கையசைத்தாள். மூடினால் இரண்டாக வந்தாள். பின்னால் எங்கள் திரையின் வழக்கமான படம், மயிலோடு முருகன். அவர் விரலால் திரையை மறைத்துக்கொண்டு, "அந்தண்ட போ புள்ள" என்றார். ஆண்டுக்கணக்காக ஊர்ப் பெண்களின் உயரமும் நிறமும் அடித்துக்கொண்டிருப்பவள் நான். எதைப் பார்த்துவிடுவேன் என்று பயந்தாரோ தெரியவில்லை.

பொழுது சாயும்வரைக்கும் உட்கார்ந்து அவளை அப்புறப்படுத்தினேன். டிஸ்க் இதையெல்லாம் தாங்கிக்கொண்டு சொடக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

செப்டம்பர் 29, ஞாயிறு

டிஸ்க்கில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று பார்க்கப்போய், பழைய பதிவுகளைப் படித்துக்கொண்டிருந்துவிட்டேன்.

ஒவ்வொரு பெண்ணுக்கும் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அது வருகிறவர்களுக்குக் காட்டுவதில்லை, எங்களுக்கு மட்டும். கூகலூர் பெண் ஒருத்தி, பள்ளி ஆசிரியை. குறிப்பு: 'தங்கை வேறு ஆளோடு போனவள்.' போனது தங்கை. எழுதப்பட்டிருப்பது அக்காளுக்கு. இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ஒவ்வொரு தை மாதமும் அவர் இந்தப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, வயது ஏறியவர்களைத் தரம் இறக்குவார். அவள் மேல்வரிசையிலிருந்து இரண்டாவதுக்கு, இரண்டாவதிலிருந்து 'எதற்கும் சம்மதிப்பார்' வரிசைக்கு இறங்கியிருக்கிறாள். அவர் சொல்லச் சொல்ல அடித்தது நான். எழுத்துப்பிழைகூட இல்லை.

அச்சு அசலாகப் பிரதி என்றால் இதுவும்தான். புது டிஸ்க்கில் அவள் இன்னும் பத்து வருடம் கெடாமல் இருப்பாள்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. வெயில் என்று சொன்னேன்.

அக்டோபர் 3, வியாழன்

ஒன்று கிடைத்தது. எங்கோ ஒரு மனிதர் தனியாகச் செய்து, இலவசமாகக் கொடுக்கிறார். படம் இல்லை, சிரிப்பு இல்லை. வெள்ளைத் தாளில் எழுதியதுபோல நாலு பத்தி. எந்த டிஸ்க்கிலிருந்து, எந்த டிஸ்க்குக்கு என்று இரண்டே கேள்வி. எழும்புமா என்று தானே சோதித்தும் சொல்லிவிடும். பயன்படுத்தியவர்கள் எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறார்கள்.

குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. பக்கத்தை மூடிவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.

ஒரே எச்சரிக்கையைச் சிவப்பில் போட்டிருக்கிறார்: பிரதி எடுக்கும் டிஸ்க்கில் முன்பு இருந்தவை முதலிலேயே முழுதாக அழிக்கப்படும், பாதியில் நிறுத்தினால் அதில் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது.

"புது டிஸ்க் ஒண்ணு வாங்கோணுமுங்க" என்றேன்.

"எதுக்கு? பஷீரு ரெண்டு வருசத்துக்கு முன்னால எடுத்து வெச்ச டிஸ்க் பீரோல சும்மாதான கெடக்குது? அதுலயே எடு."

"அதுல இருக்கறது மொதல்லயே அழிஞ்சிருமுங்க."

"புதுசு வரப்போவுதுல்ல, பழசு எதுக்கு? குப்பையை ரெண்டா வெச்சுட்டு என்ன பண்ற?"

நான் சொல்லிவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டார். இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

ஸ்டுடியோவிலிருந்து ஓர் உறை கொண்டுவந்தார். யாமினி பட்டமளிப்பு விழாவில் எடுத்த படம். கறுப்பு அங்கியையும் கையிலிருந்த பட்டத்தையும் எடுத்துவிட்டு, கழுத்துக்குக் கீழே யாருடைய பட்டுச்சேலையையோ ஒட்டியிருக்கிறார்கள். நிறத்தை இரண்டு படி தூக்கியிருக்கிறார்கள். வாயை மூடவைத்து, பல்லை மறைத்திருக்கிறார்கள்.

"எப்படி?" என்றார்.

"யாருங்க இது?"

"ஏம்புள்ள, நக்கலா? பேரை ஏத்தறப்ப இதையும் சேத்து ஏத்திரு. இன்னும் எத்தன நாளைக்கு அந்த பேக்கப்பு?"

"பாத்துட்டு இருக்கறனுங்க."

"பாத்தது போதும். ஆயுத பூசை நோம்பி வருது, முடிச்சு வுடு."

படத்தை உறைக்குள் போட்டுக் கவிழ்த்து வைத்தேன். பிறகு கை கழுவினேன்.

அக்டோபர் 10, வியாழன்

மென்பொருளை முடிவு செய்துவிட்டேன். அந்தத் தனி மனிதருடையதுதான். இறக்கி, பீரோவிலிருந்த டிஸ்க்கை மாட்டி, எல்லாம் தயாராக வைத்திருக்கிறேன். முழுதாக முடியப் பகல் முழுக்க ஆகும் போலிருக்கிறது. இப்போது தொடங்கலாம். நாளை தொடங்கலாம்.

அவர் பூசைக்குப் பொரியும் வாழைக்கன்றும் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார். வந்ததும் சொல்ல நினைத்தேன். வாழைக்கன்று விலையைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூசை. காலையில் குளித்துவிட்டு வந்து பிரதியைத் தொடங்கினேன். 'இந்த டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழியும். சம்மதமா?' என்று கேட்டது. சம்மதம். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. திரை தானாக இருண்டுகொண்டது. திரை இருண்டால் கணினி ஓடுகிறதா இல்லையா என்று வெளியே தெரியாது. உள்ளே சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தத்துக்குத்தான் வீடே பழகிவிட்டதே.

சமையலறைக்குப் போய்ச் சுண்டலுக்குத் தேங்காய் துருவ உட்கார்ந்தேன்.

ஆயுத பூசையன்று இந்த வீட்டில் எந்தக் கருவியும் வேலை செய்யக் கூடாது. மாமனார் காலத்துப் பழக்கம். அரிவாள்மனையைக்கூட முதல் நாளே கழுவிச் சாமி முன் வைத்துவிடுவோம். சுண்டலுக்காகத் தேங்காய்த் துருவிக்கு மட்டும் விலக்கு. அவர் குளித்து, வேட்டி கட்டி, சந்தனக் கிண்ணத்தோடு முன்னறைக்குப் போனது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. சுவரில் சுவிட்சை அணைக்கும் சத்தம் கேட்டது. மேசை நகர்ந்தது. வயர்களை உருவுகிறார் என்று நினைத்தேன். இரண்டு மூடி தேங்காயும் துருவி முடித்திருந்தேன். இன்னொரு தேங்காயை உடைத்தேன். சுண்டலுக்கு அந்த இரண்டு மூடியே போதும்.

பெட்டிக்கும் டிஸ்க்குக்கும் மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம், செவ்வந்தி. நன்றாக அலங்கரித்திருந்தார். சூடம் காட்டினார். தொட்டுக் கும்பிட்டேன்.

அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்தான். காய், பால், விருந்தாள் என்று வேலை அலைக்கழித்தது. விருந்தாள் யாரும் வரவில்லை.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. காலையில் அவர் சந்தனத்தைத் துடைத்து, வயரை மாட்டி, சுவிட்சைப் போட்டார். சொடக்குச் சத்தமும் வரவில்லை. கறுப்புத் திரையில் எந்த டிஸ்க்கும் இல்லை என்று ஒரு வரி. பீரோ டிஸ்க்கை மாட்டிப் பார்த்தார். அதில் வெறும் அரைகுறை.

"ஏம்புள்ள, நேத்து ஓடிட்டு இருந்துச்சா?"

"ஓடிட்டுத்தான் இருந்துச்சுங்."

தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. "நானே, நானே என் கையால…" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மெக்காவிலிருக்கும் பஷீரை வாட்ஸப்பில் பிடித்தார். கோவையில் ஓர் இடம் உண்டு, ஆனால் இரண்டு டிஸ்க்கும் இந்த நிலையில் இருந்தால் உறுதி சொல்ல மாட்டார்கள் என்றாராம். அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தேன். அவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் மேலேயே எனக்குக் குமட்டியது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கூகலூர் ஆசிரியை இனி எங்கள் வீட்டில் இல்லை என்று தோன்றியது. இரண்டும் ஒரே வயிற்றில்தான் இருந்தன.

ஆனால் நான் அவரைச் சரியாக எடைபோடவில்லை. பதினோரு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு போனவர், ஒன்றரைக்குப் புதுக் கணினியோடு வந்தார். கடைக்காரரே திருமண மையங்களுக்கென்று தயாராக விற்கிற மென்பொருள் ஒன்றையும் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். மேசையில் வைத்து, ஊதுவத்தி கொளுத்தி, நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். முகம் தெளிந்திருந்தது.

"போனது போச்சு. சனங்க மறுபடி ஜாதகத்தைத் தூக்கிட்டு வருவாங்க. ஐப்பசிக்கெல்லாம் காத்துட்டு இருக்க வேண்டாம், இன்னிக்கு தசமி. ஆரம்பிக்கறது எதுவும் வெளங்கும். ஒண்ணாம் நம்பரு நம்ம புள்ளதான். உக்காரு, அடி."

திரையில் முதல் பதிவு என்று காலியாக இருந்தது. கூட்டத்தில் ஒருத்தியாகக்கூட இல்லை. இந்த ஒரு மாதத்தில் நான் தள்ளித் தள்ளிச் செய்ததெல்லாம் அவளை முதலாமவளாக்கி வைத்திருக்கிறது.

நான் உட்காரவில்லை.

"என்ன?"

"நான் அடிக்கலீங்க."

"நோம்பி அலுப்பா? சரி, வுடு." தாமே உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். பெயர், யாமினி. தகப்பன் பெயர். பிறந்த தேதி தெரிந்திருந்தது. அடுத்த கட்டத்தில் விரல் நின்றது.

"எத்தன மணிக்குப் பொறந்தா?"

அன்று அவர் பழனிக்குப் பாதயாத்திரை போயிருந்தார். நேரத்தைக் குறித்து, அந்தப் பெட்டியில் கட்டம் போட்டவர் மாமனார். ஊருக்கெல்லாம் ஜாதகத்தைத் தாளில் அச்சடித்துக் கொடுத்த வீடு இது. எங்கள் பெண்ணுடையதை அச்சடித்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அதுதான் பெட்டிக்குள் இருக்கிறதே என்று இருந்துவிட்டோம்.

"ஏம்புள்ள, உன்னத்தான். மணி?"

ஞாபகமில்லை என்று நாக்கின் நுனிவரை வந்தது. எவ்வளவு சுலபமாக வருகிறது. வெயில், அலுப்பு, சாஃப்ட்வேர் சரியில்லை, பாத்துட்டு இருக்கறேன். ஒரு மாதமாக என் வாயிலிருந்து வந்ததெல்லாம் இந்த ஜாதிதான்.

"தெரியுமுங்க," என்றேன். "சொல்ல மாட்டேன்."

திரும்பிப் பார்த்தார்.

"அவ ஹைதராபாத் போறா. படிச்சு முடிக்கட்டும். அப்புறம் அவளுக்கு வேணும்னா அவளே சொல்லுவா. அதுவரைக்கும் அவ பேரை இதுல ஏத்தாதீங்க. இது நான் சொல்றது. அவ சொல்லச் சொல்லி ரொம்ப நாளாச்சு, நாந்தான் சொல்லாம இருந்தேன்."

நேற்றைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

"நீ சொல்லாட்டிப் போ," என்றார். "நேரந்தான? நானே போட்டுக்குவேன்."

போட்டுக்கொள்ளக் கூடியவர்தான். செவ்வாய் தோசம் விலக வேண்டும் என்று யார் வந்து கெஞ்சினாலும், ஊரார் பிள்ளைகளின் பிறந்த நேரத்தைக் கை கூசாமல் முன்னும் பின்னும் நகர்த்திக் கொடுத்தவர்.

ஏதோ ஒரு நேரத்தை அடித்தார். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊதுவத்தி எரிந்து சாம்பல் மேசைமேல் விழுந்தது. பிறகு அந்த ஒற்றை விரலால் ஓர் எண்ணை அழித்தார். அடுத்ததை அழித்தார். கட்டம் காலியாகும்வரை அழித்தார்.